பெரியம்மா ஹாலுக்கு வந்த கதை

உலகமே தலைகீழாகப் புரண்டாலும் அந்தச் சின்ன ரூமை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று வியாழக்கிழமை காலை பல் தேய்க்கும்போது கேப்டன் சபதம் எடுத்துக்கொண்டான். வாய் நிறைய நுரை. அதனால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான். பக்கத்திலேயே மனைவி நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

கேப்டன் என்றால் ராணுவத்தில் இருப்பவன் இல்லை. வாகன இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. இடிபட்ட கார்களைப் போய்ப் பார்த்து, இது நிஜமாகவே லாரி மோதிய நசுங்கலா, அல்லது சொந்த வீட்டு கேட்டில் உரசிவிட்டு லாரி மேல் பழி போடும் நசுங்கலா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் சின்ன ரூமுக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வான். ஆன்லைனில் கடற்போர் விளையாட்டு. 'கேப்டன்' என்ற பட்டம் மனைவி கொடுத்தது. கொடுத்த தொனியில் மரியாதை அவ்வளவாக இல்லை.

அவன் ஓட்டியது நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு போர்க்கப்பல். அதற்கு எந்த நாட்டு ராஜாவுடைய பெயரையோ வைத்திருந்தார்கள். வாயில் நுழையாது. அவனோடு சேர்ந்து விளையாடும் கூட்டாளிகள் எல்லோரும் அதைப் 'பெரியம்மா' என்றே கூப்பிட்டார்கள். பொருத்தமான பெயர்தான். உடம்பு பெரிசு. நடை மெதுவு. திரும்பு என்றால் உடனே திரும்பாது, யோசித்து, மனசு வந்தால் திரும்பும். பீரங்கியை ஒரு தடவை சுட்டால், மறு குண்டு நிரம்புவதற்குள் ஒரு டம்ளர் டீயை ஆற்றிக் குடித்துவிடலாம். ஆனால் சுட்டது பட்டால் பட்டதுதான். எதிரே நிற்கிற கப்பல் வாயைப் பிளந்துகொண்டு தண்ணீருக்குள் போய்விடும்.

இந்தப் பெயரால் ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. "பெரியம்மா பத்தி எரியறா! விடுங்க, எரியட்டும்! அவளை முன்னால தள்ளிட்டு நீங்க எல்லாம் பின்னால ஒளிஞ்சுக்குங்க!" என்று கேப்டன் கத்திய ஒரு சாயங்காலம், எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்து கதவைத் தட்டினார். அன்றிலிருந்து தெருவில் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

இப்போது பிரச்சினை அந்த ரூம்.

மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கை கால் பிடிப்பு, கழுத்து வலி, முதுகு வலி எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுத்துச் சரி செய்வாள். அங்கே நோயாளிகள் வரிசை வரிசையாக வருவார்கள். ஒருவருடைய முழங்காலை நீட்டி முடிப்பதற்குள் அடுத்தவர் பெஞ்சில் படுத்துவிடுவார். சொந்தமாக ஒரு சின்ன இடம், சாயங்காலங்களில் நாலே பேர், அவசரமில்லாமல் வைத்தியம் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. அதற்காக ஆஸ்பத்திரியில் சொல்லி வேலை நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். சிகிச்சைக் கட்டிலும் வாங்கியாயிற்று. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், பெட்டி பிரிக்காமல், நாலு மாதமாக அது நின்றுகொண்டே இருந்தது. உட்காருவதற்கு அதற்கு இடம் இல்லை. மிச்சமிருந்த ஒரே ரூமில் பெரியம்மா நங்கூரம் போட்டிருந்தாள்.

"என்னங்க, திங்கக்கிழமை முதல் நோயாளி வர்றார். எதிர்வீட்டுத் தையல்காரருக்குக் கழுத்து திரும்பவே மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூம் காலியாகணும்."

"சனிக்கிழமை எனக்குப் போர் இருக்கு."

"ஞாயித்துக்கிழமை?"

"போர் முடிஞ்சா ஓய்வு வேணாமா?"

"கப்பலுக்கா, உங்களுக்கா?"

"உனக்குப் புரியாது. இது சீசனோட கடைசிப் போர். ஜெயிச்சா மேல்வரிசைக்குப் போவோம், தோத்தா எங்க படையையே கீழ் வரிசைக்குத் தள்ளிடுவாங்க. தளபதி முதல் தடவையா என்னை நம்பி முன்வரிசையில நிறுத்தியிருக்காரு."

"நல்ல விஷயம்தான். முன்வரிசை ஹால்ல இருக்கட்டும்."

"ஹால்லயா? மிக்சி ஓடும். டிவி ஓடும். வாசல் மணி அடிக்கும். அங்க உக்காந்து ஒரு போர்க்கப்பலை ஓட்ட முடியுமா?"

"ஓட்டிப் பாருங்களேன்."

"பாக்கலாம்தான். ஆனா மேஜை? அது ரூமுக்குள்ள வச்சே சேர்த்துப் பூட்டின மேஜை. வாசல்ல நுழையாது. நாலு மாசமா சொல்றேன், நீதான் காதுல வாங்க மாட்டேங்குற."

"கழட்டிடலாம்."

"கழட்டினா மறுபடி சேராது. அந்த மாதிரி மேஜை அது."

அவள் மேஜையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். மேஜைக் காரணம் பழசாகிவிட்டது, இனி நிற்காது என்று கேப்டனுக்குத் தெரிந்துவிட்டது. புதுசாக ஒன்று வேண்டும்.

ஆபீசில் நாள் பூராவும் யோசித்தான். பொய்யாக நஷ்ட ஈடு கேட்பவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? கேட்காததை எல்லாம் சொல்வார்கள். லாரிக்காரன் போட்டிருந்த சட்டையின் நிறம் வரைக்கும் வர்ணிப்பார்கள். அப்படி இருக்கக் கூடாது. ரெண்டே வார்த்தை. முகத்தில் கொஞ்சம் வேதனை. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் பைக்கிலிருந்து இறங்கும்போது, "அம்மா!" என்றான்.

"என்னங்க ஆச்சு?"

"முதுகு. பிடிச்சுக்கிச்சு."

ரெண்டே வார்த்தை. அவனுக்கே பெருமையாக இருந்தது. எந்த அதிகாரியாலும் குறை சொல்ல முடியாத விண்ணப்பம். ஒரே ஒரு விஷயம்தான் அவனுக்குத் தோன்றவில்லை. பிடித்துக்கொண்டதாகச் சொல்ல உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, நாள் ஒன்றுக்கு முப்பது முதுகு பார்க்கிற ஒருத்தியிடம் வந்து முதுகு என்று சொல்லிவிட்டான்.

அவள் பதறவில்லை. கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனாள். குப்புறப் படுக்க வைத்தாள்.

"இங்க வலிக்குதா?"

"ஆமா."

"இங்க?"

"ஆமா, ஆமா."

"இங்க?"

"ஐயோ! அங்கதான்! உயிரே போகுது!"

"இது தோள்பட்டைங்க."

"அங்கேர்ந்துதான் இறங்கி வருது."

"ம். எழுந்து நில்லுங்க. முன்னால குனியுங்க பாப்போம்."

"முடியவே முடியாது."

"சரி, வேணாம். கஷ்டப்படாதீங்க. அய்ய, உங்க கால்ல என்னங்க அது, பூரான் மாதிரி?"

கேப்டன் சட்டென்று குனிந்து ரெண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தான். பூரான் இல்லை. பாதி வழியில்தான் தனக்கு முதுகு வலி என்பது ஞாபகம் வந்தது. "ஆஆ!" என்றான். மின்னல் போய் வெகு நேரம் கழித்து வருகிற இடி மாதிரி இருந்தது அந்த 'ஆ'.

மனைவி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"பாவம், ரொம்ப மோசமான பிடிப்பு. கனமான எதையும் தொடக் கூடாது."

"மேஜை?"

"மேஜையா? அந்தப் பேச்சே எடுக்காதீங்க."

"அப்ப உன் ரூம்?"

"ரூம் கிடக்குது. ரூம் முக்கியமா, உங்க முதுகு முக்கியமா?"

இப்படி ஒரு மனைவியையா ஏமாற்றுகிறோம் என்று கேப்டனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரே ஒரு நிமிஷம்தான். அப்புறம், "நாளைக்கு உக்காந்து விளையாடலாமா?" என்றான்.

"நேரா உக்காந்தா தப்பில்ல. ஆனா ஒண்ணு. அந்த ரூம்ல லேசான சாமான் நிறைய கிடக்கு பாருங்க, அதை மட்டும் நான் ஒவ்வொண்ணா வெளிய எடுத்து வச்சுடறேன். கனமானதைத் தொட மாட்டேன். சம்மதமா?"

"லேசானது எல்லாம் உன் இஷ்டம்மா. நான் ஏன்னு கேக்கவே மாட்டேன்" என்றான் கேப்டன், ஒரு ராஜ்யத்தையே தானம் கொடுப்பவன் போல.

ராத்திரி சாப்பிடும்போது மட்டும் நெஞ்சுக்குள் ஒரு முள் குத்தியது. எந்த விண்ணப்பத்தையும் இவ்வளவு சீக்கிரம் இதுவரை அவன் ஒப்புக்கொண்டதே இல்லை. ஒரு அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டால், அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும். ஆனால் சோறு சூடாக இருந்தது. முள்ளை மறந்துவிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் போர் தொடங்கியது.

போர்க்கப்பல் ஓட்டுவதில் பால பாடம் ஒன்று உண்டு. பக்கவாட்டைக் காட்டக் கூடாது. பக்கவாட்டுதான் பலவீனம். மூக்கை எதிரியின் பக்கம் நீட்டி, சாய்வாக நின்றால், வருகிற குண்டு எல்லாம் தகட்டில் வழுக்கிக்கொண்டு போய்விடும். கேப்டன் பெரியம்மாவைச் சாய்வாக நிறுத்தினான். முதல் குண்டுகள் வழுக்கிக்கொண்டு போயின. தளபதியின் குரல் போனில் வந்தது. தளபதியை யாரும் நேரில் பார்த்ததில்லை. குரலைக் கேட்டால் எழுந்து நிற்கத் தோன்றும்.

"பெரியம்மா, அப்படியே நில்லுங்க. நீங்க நின்னாதான் நாம ஜெயிப்போம். எதிரி கிட்ட வரட்டும். யாரும் என் உத்தரவு இல்லாம... இதோ வந்துட்டேன்மா, துணியைத்தானே, காயப் போட்டுட்டேன்... யாரும் என் உத்தரவு இல்லாம சுடக் கூடாது!"

மனைவி உள்ளே வந்தாள். சுவரிலிருந்த காலண்டரை எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி வந்தாள். ஓடாத கடிகாரம் போனது. தலையணை, பழைய பத்திரிகைக் கட்டு, ஜன்னல் திரை என்று ஒவ்வொன்றாகப் போயின. கேப்டன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரியின் ரெண்டு கப்பல்களை அடித்து மூழ்கடித்திருந்தான். வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக அவன் எதையும் செய்ததில்லை. கல்யாணத்தையும் சேர்த்துத்தான்.

அவள் அடுத்து அலமாரித் தட்டிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்தாள். நெட் பெட்டி. உள்ளங்கை அகலம். கனமே இல்லை. கரண்ட் ஒயரை மட்டும் ஒரு நொடி பிடுங்கி வேறு இடத்தில் மாட்டினாள், நீள ஒயரையும் கூடவே இழுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா விக்கி விக்கி நகர ஆரம்பித்தாள். ஹாலிலிருந்து டக், டக், டக் என்று சத்தம் வந்தது. எதிரியின் சின்னப் பீரங்கிகள் என்று கேப்டன் நினைத்துக்கொண்டான். பெரியம்மா இடது பக்கம் திரும்பத் தொடங்கி, பாதியில், பக்கவாட்டு முழுசையும் எதிரிக்குக் காட்டிக்கொண்டு, அப்படியே உறைந்து நின்றாள்.

"பெரியம்மா! என்ன பண்றீங்க? போட்டோவுக்கா நிக்கறீங்க?" தளபதி போனில் அலறினார்.

"ஐயோ, நெட் போச்சு!" என்று கேப்டன் கத்தினான்.

"போகலைங்க, இங்கதான் இருக்கு. ஹால்ல." மனைவியின் குரல் சாவகாசமாக வந்தது.

"அது ஏன் ஹால்ல இருக்கு?"

"லேசா இருந்தது."

"திரும்பக் கொண்டு வா! ஓடி வா!"

"ஒயரைச் சுவத்தோட சேர்த்து ஆணி அடிச்சாச்சுங்களே. பிரிச்சா அரை மணி ஆகும். சுவரைத் தாண்டி அங்கதான் சரியா வராது. இங்க நல்லா வருது, என் போன்ல நாலு கோடும் காட்டுது. கம்ப்யூட்டர் மட்டும் இங்க இருந்தா பிரமாதமா ஓடும்."

"கொண்டு வந்து வையேன்!"

"கனமானதைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டேனே. உங்களுக்கோ முதுகு. நாளைக்கு யாராவது வந்தா தூக்கச் சொல்லலாம். நீங்க அலட்டிக்காம நேரா உக்காருங்க."

"பெரியம்மா போனா எல்லாமே போச்சு! தண்ணிக்கடியில டார்பிடோ வருது! யாராவது அவங்க முன்னால புகை போடுங்க!" தளபதியின் குரல் உடைந்தது. அந்தக் குரல் உடைந்து கேப்டன் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேப்டனே முழுசாகச் சொல்ல மாட்டான். மனைவி சொல்லித்தான் தெரியும். கம்ப்யூட்டர் பெட்டி ஒரு அக்குளில், திரை இன்னொரு அக்குளில், போன் பல்லில். ஒரே பாய்ச்சல். ஹால் தரையில் வைத்தான். தரையில் உட்கார்ந்து பார்த்தான். திரை அண்ணாந்து பார்த்தது, கம்ப்யூட்டர் மவுஸ் கீழே விரித்திருந்த பாயில் நகரவில்லை. மறுபடி ரூமுக்கு ஓடினான். நாலு மாதமாக வாசலில் நுழையாத மேஜையை ஒரே ஆளாகத் தூக்கினான். பக்கவாட்டைக் காட்டாமல், மூக்கை முன்னால் நீட்டி, சாய்வாகத் திருப்பினான். வாசலில் ஒரு உரசல்கூட இல்லாமல் மேஜை வழுக்கிக்கொண்டு வந்தது.

"அட, நுழையுதே" என்றாள் மனைவி.

நாற்காலி தானாகவே பின்னால் உருண்டு வந்ததாகக் கேள்வி.

சரியாக அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் வாசலில் வந்து நின்றார். ஆணி அடித்த சுத்தியல் அவருடையது. வேலை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். மேஜையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஓடிய கேப்டனைப் பார்த்ததும் அவர் ஒரு அடி பின்வாங்கினார். கழுத்து திரும்பாததால் உடம்போடு சேர்த்து முழுசாகத் திரும்பி அவளைக் கேட்டார்.

"ஏம்மா, நேத்து இவருக்கு முதுகு பிடிச்சு எழுந்திருக்கவே முடியலைன்னு சொன்னியே?"

"ஆமாங்க. நேத்து சாயங்காலம்தான் வைத்தியம் ஆரம்பிச்சேன்."

"ஒரு நாள்லயா!"

"சில பேருக்குச் சீக்கிரம் கேக்கும்."

கேப்டனுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. புகைத்திரை மெல்ல விலக, பெரியம்மா இன்னும் மிதந்துகொண்டிருந்தாள். உடம்பெல்லாம் ஓட்டை, மூன்று இடத்தில் தீ. ஆனாலும் மிதந்தாள். செத்துவிட்டாள் என்று நினைத்து எதிரியின் பெரிய கப்பல் கையெட்டும் தூரத்துக்கு வந்து, அலட்சியமாக, தன் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு போனது. கேப்டன் எல்லாப் பீரங்கிகளையும் ஒன்றாகச் சுட்டான்.

ஹால் ஜன்னல் அதிரும்படி தளபதி போனில் கத்தினார். "பெரியம்மா! ஜெயிச்சுட்டோம் பெரியம்மா! நீங்க தெய்வம்!"

கேப்டன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். கையைத் தட்டினான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. திரும்பினான்.

ரூம் வாசல் திறந்திருந்தது. உள்ளே ஒரு துரும்பு இல்லை. தரை துடைத்து ஈரமாக இருந்தது. நாலு மாதமாகப் பெட்டிக்குள் நின்ற சிகிச்சைக் கட்டில் கால் நீட்டி நடுவில் நின்றது, மேலே வெள்ளை விரிப்பு. விரிப்பின் மேல் தையல்காரர் குப்புறப் படுத்திருந்தார். திங்கட்கிழமை வரை அவரால் காத்திருக்க முடியவில்லை. மனைவி அவர் கழுத்தில் கை வைத்து, அவசரமே இல்லாமல், மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கேப்டன் இதற்கு முன் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருந்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், போர் முடிந்து கறுத்த திரைக் கண்ணாடியில், தன் முகத்தில்.

"நீ வேணும்னேதானே பண்ணே?" என்று அவர் போனதும் கேட்டான்.

"என்னத்தை?"

"நெட் பெட்டியை."

"ஏன்னு கேக்க மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க. முதுகு இப்ப எப்படி இருக்கு?"

வலிக்கிறது என்றால் மறுபடி குப்புறப் படுக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் நேற்றும் வலிக்கவில்லை என்றாகிவிடும். ரெண்டு பக்கமும் பக்கவாட்டு. கேப்டன் தளபதிக்கு நன்றி சொல்கிற சாக்கில் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

தையல்காரர் சும்மா இருக்கவில்லை. துணி கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். படுத்த படுக்கையாகக் கிடந்த மனுஷன் மறு நாள் மேஜையைத் தலை மேல் தூக்கிக்கொண்டு ஓடினதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். சனிக்கிழமை மத்தியானம் வந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம் என்றும் அவரே சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. முழங்கால் பிடித்த பேங்க் காவலாளி, தோள் தூக்க முடியாத பேக்கரிக்காரர், இடுப்பு வலிக்காரர் ஒருவர், அவரை அழைத்து வந்த மச்சான். உட்கார இருந்த ஒரே இடம் கேப்டனுடைய நாற்காலிக்குப் பின்னால்தான். எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டனுக்கு முதுகு கூசியது.

"தம்பி, இடது பக்கம் ஒருத்தன் வர்றான்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் நிக்கறீங்க? திருப்புங்க."

"இது உடனே திரும்பாது சார்."

"எங்க ஸ்கூட்டர் மாதிரி" என்றார் மச்சான்.

புது சீசன், மேல்வரிசைப் படைகளோடு முதல் போர். முதல் குண்டே பெரியம்மாவின் பக்கவாட்டில் விழுந்தது. ஹால் முழுக்க "ச்சோ" என்றது.

ரூமுக்குள்ளிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அடுத்தவங்க வாங்க."

பேங்க் காவலாளி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் பொறும்மா. இவர் கப்பல் முழுகினதும் வந்துடறேன்."

"சரிங்க" என்றாள் அவள், திரையைப் பார்க்காமலே. "ரெண்டு நிமிஷந்தானே."